செல்லக்கிளி வாசலில் போட்ட டென்ட்

கம்பியின் ஒரு முனையைச் செல்லக்கிளி துணிக்குழலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நின்ற பால்பாண்டி அதைப் பிடித்து இழுத்தார். இழுத்ததும் நடுவில் கணு கழன்றுகொண்டது. இது மூன்றாவது முறை.

"இழுக்காதப்பா. அம்மா தள்ளணும், நீ சும்மா நிக்கணும். வீடியோல அதான் சொல்றாங்க," என்றாள் ஆர்த்திகா. ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள். வாசற்படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்து இருவருக்கும் வேலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சும்மா நிக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமாக்கும். இருபது வருசமா அதத்தான செய்றேன்," என்றார் பால்பாண்டி. பரவையில் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். வால்வைத் திறந்துவிட்டு, மூடுகிற நேரம் வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

நான்காவது முறை கம்பி மறுபக்கம் வந்து சேர்ந்தது. இரண்டாவது கம்பியைக் குறுக்கே விட்டு நான்கு மூலையிலும் செருகினார்கள். தரையில் துவண்டு கிடந்த நீலத் துணி எழுந்து நின்றது. மூன்று பேரும் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்கள்.

"நிக்குது," என்றாள் செல்லக்கிளி.

"சாஞ்சு நிக்குது," என்றாள் ஆர்த்திகா.

"நிக்குதுல்ல. போதும்," என்றார் பால்பாண்டி.

அந்த டென்ட் செல்லக்கிளிக்குக் கடையில் கொடுத்தது. மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் அவள் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். இரண்டாம் மாடி, காட்டன் சேலைப் பிரிவு. தீபாவளிக்குக் கடையில் குலுக்கல் வைத்தார்கள். கடைசிப் பரிசு, நான்கு பேர் படுக்கிற டென்ட். பரிசு விழுந்த சோழவந்தான்காரர் வந்து பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு நான் எங்கே போக என்று சொல்லி, பதிலுக்கு ஒரு பெரிய வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாத ஆள் யார் என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் செல்லக்கிளியைக் கை காட்டினார்கள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்கு இறக்கம். வேலை முழுக்க நின்றுகொண்டுதான். கடை ஆட்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது பிரிவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். இப்போது அந்த ஸ்டூலில் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சேலையை விரித்துக் காட்டினால் அதை மறுபடி பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு சேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சைக் கயிறாகப் புடைத்திருக்கிறது. டென்டை அவளிடம் கொடுத்தபோது அதன் பையில் ஒரு படம் இருந்தது. ஒரு குடும்பம் புல்வெளியில் டென்டுக்குள் படுத்திருக்கிறது. அந்த அம்மா காலை வெளியே நீட்டியிருந்தாள். செல்லக்கிளி படத்தில் அந்தக் கால்களைத்தான் பார்த்தாள். தலைக்கு மேல் ட்யூப்லைட் இல்லாத ஓர் இடத்தில் ஒரு ராத்திரி இப்படி நீட்டிக்கொண்டு படுத்தால் போதும் என்று தோன்றியது.

தீபாவளி போய், பொங்கல் போய், மாசியில்தான் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. எங்கே போய்ப் படுப்பது என்றுதான் தெரியவில்லை. பால்பாண்டி கீழக்குயில்குடிக்குப் போய் மலையடிவாரத்தில் விசாரித்துவிட்டு வந்தார். ஆறு மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்கக் கூடாது என்று காவல்காரர் சொல்லிவிட்டாராம். "இடம் என்ன இடம், கெடைக்கும். மொதல்ல இது நிக்குதான்னு பாப்போம்," என்றார். புதிதாக டென்ட் போடுகிறவர்கள் முதலில் வீட்டு வாசலில் ஒரு தடவை போட்டுப் பழக வேண்டும் என்று வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே சனிக்கிழமை காலை, வாசல்.

பேவர் பிளாக் பதித்த தெரு. முளைக்குச்சி இறங்கவில்லை. ஒரு கயிற்றைக் கேட்டில் கட்டினார்கள், ஒன்றைப் பைக்கில், மற்ற இரண்டையும் இரண்டு ஹாலோபிளாக் கல்லில். டென்டுக்கு அடியில் விரிக்கத் தார்ப்பாய் வேண்டும் என்றிருந்தது. தார்ப்பாய் இல்லை. பைக்கைப் போர்த்தியிருந்த பழைய ப்ளெக்ஸைப் பால்பாண்டி முன்னமே உருவி விரித்திருந்தார். பத்தடிக்கு எட்டடி. டென்டைவிடப் பெரிது. பைக்குக்கு எப்படி மிச்சத்தை மடித்துச் செருகுவாரோ அப்படியே இதற்கும் அடிப்பக்கம் மடித்துவிட்டார். செல்லக்கிளிதான் குனிந்து, படங்கள் தரையைப் பார்க்கிற மாதிரி அதைப் புரட்டிப் போட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அடித்த ப்ளெக்ஸ் அது. மேல் வரிசையில் பால்பாண்டிக்கு வேலையில் வேண்டியவர்கள் ஏழு பேர், பெரிய பெரிய வட்டத்துக்குள். கீழ் வரிசையில் சொந்தக்காரர்கள், தபால்தலை அளவுக்கு. செல்லக்கிளியின் ஒரே அண்ணன் மலையாண்டி கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக இருந்தார். தாய்மாமன் முறைக்குப் பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு வந்தவர், வாசலில் நின்று ப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். அண்டாவைப் படியில் இறக்கினார். சாப்பிடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

மலையாண்டி அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு விவசாயம் பார்க்கிறார். சொந்தமாக ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி. தினமும் விடியற்காலை காய்கறி ஏற்றிக்கொண்டு பரவை மார்க்கெட்டுக்கு வருவார். செல்லக்கிளியின் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் ஏறி இறங்கும்போது அந்த வண்டியின் பின்கதவு இரண்டு தரம் தட்டும். அடுப்படியில் நிற்கிற அவளுக்கு அது கேட்கும். வண்டி நிற்காது.

பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஆர்த்திகாவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து வாசலில் குச்சு கட்ட வேண்டும். அந்தச் சின்ன ஓலைக்குடிசையில்தான் பெண்ணை உட்கார வைப்பார்கள். இந்தக் காலத்தில் எதற்கு அதெல்லாம் என்று செல்லக்கிளியே நினைப்பதுண்டு. ஆர்த்திகாவும் நான் அதில் உட்கார மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். அது வேறு. அந்த நாளில் அண்ணன் வருவாரா, மாட்டாரா என்பதுதான் அவளை அரித்தது. சேலை மடிக்கும்போதெல்லாம் அதையே மடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. மாதப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திவிட்டு, மின்வாரியத்து ஆட்கள் ஜெயக்கொடி வீட்டுத் தென்னைமரத்தில் கம்பியை உரசிய மட்டைகளை வெட்டித் தள்ளினார்கள். ஜெயக்கொடி எதிர்வீட்டுக்காரி. எட்டுப் பத்து மட்டைகள் பச்சையாகத் தெருவில் கிடந்தன.

வீட்டுக்குள் விசிறி ஓடவில்லை. டென்டுக்குள் போய்ப் படுத்துப் பார்க்கிறேன் என்று ஆர்த்திகா போனாள். போன வேகத்தில் தலையை நீட்டினாள். "அப்பா, உள்ள இட்லிச்சட்டி மாதிரி இருக்கு."

பால்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். மட்டைகளை இழுத்து வந்து டென்டின் மேல் சாத்தினார். நாலு பக்கமும் சாத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "இப்ப எப்படி?"

"குளுகுளுன்னு இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

செல்லக்கிளி முந்தின நாள் வாங்கிவந்த புதுக் கோரைப்பாயை உள்ளே கொடுத்தாள். புதுத் தட்டையும் டம்ளரையும் கொடுத்தாள். வெளியே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு, டம்ளர் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வீடியோவில் இருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் பழையது போதும் என்று மகளுக்கு மட்டும் புதிதாக வாங்கியிருந்தாள். வாசலில் நின்றபடியே இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, திறப்பின் வழியாக உள்ளே நீட்டினாள்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெயக்கொடி இதைப் பார்த்தாள். ஓலைக்குடிசை. உள்ளே பெண். புதுப்பாய், புதுத்தட்டு. தாய் வெளியே நின்று சோறு நீட்டுகிறாள். வருஷம் முழுக்க லீவு போடாதவள் இன்றைக்கு லீவு.

பதினொரு மணிக்கு ஜெயக்கொடி ஒரு தட்டில் சீனியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏக்கா, எதுத்த வீட்டுல இருக்கேன், எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? எப்ப, விடியக்காலமா?"

"என்னது எப்ப?"

"புள்ள உக்காந்தது."

செல்லக்கிளி திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணுக்கும் அது குச்சாகத் தெரிந்தது. பிறகு சிரித்துவிட்டாள். ஒரு மட்டையைத் தூக்கி அடியில் இருந்த நீலத் துணியைக் காட்டினாள்.

"இது டென்ட்டு ஜெயக்கொடி. சுற்றுலா போறவுக போடுறது. வெயிலுக்கு இவரு ஓலையச் சாத்திட்டாரு."

"டென்ட்டா?"

"டென்ட்டு."

உள்ளே ஜிப் சர்ரென்று மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "நான் வெளிய வர மாட்டேன்," என்றாள் ஆர்த்திகா. "தெருவே பாத்துருக்கும். நான் இதுக்குள்ளயே இருக்கப் போறேன்."

"அப்படி உள்ள இருந்தாத்தாண்டி இன்னும் நம்புவாக," என்றார் பால்பாண்டி.

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அக்கா, நான் எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேனே."

அவள் கணவர் முத்துக்கருப்பன் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்.

"சொன்னா என்ன. இல்லைன்னு திருப்பிச் சொல்லிரு."

"அவரு ஒங்க அண்ணன்ட்டச் சொல்லிட்டாராம். இன்னைக்குக் காய் போக லேட்டாச்சாம், பக்கத்துலதான் நின்னாராம். கேட்டதும் காலிப் பெட்டியக்கூட ஏத்தாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாராம்."

"எங்க போனாரு?"

"ஊருக்குத்தான். ஓலை வெட்ட."

செல்லக்கிளி ஜெயக்கொடி கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் வாங்கினாள்.

ஜெயக்கொடி போனதும் பால்பாண்டி செல்போனை எடுத்து நீட்டினார். "மச்சானுக்குப் போன் போடு. மரத்துல ஏறுறதுக்கு முன்னாடிச் சொல்லிருவோம். பாவம்ல."

அவள் போனை வாங்கினாள். அண்ணன் பெயர் இருந்தது. கடைசியாகப் பேசிய தேதியும் இருந்தது. பெருவிரலை அதன் மேல் வைத்தாள். அழுத்தவில்லை.

"என்ன?"

"கைவேலையா இருக்கேன்ல. அப்புறமாப் போடுறேன்," என்றாள். அவள் கையில் வாழைப்பழத் தட்டைத் தவிர வேறு வேலை இல்லை.

பால்பாண்டி அவளைப் பார்த்தார். வால்வு பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட் பக்கம் போய் நின்றுகொண்டார்.

செல்லக்கிளி உலை வைத்தாள். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டில் ஐந்து பேருக்கு அரிசி போட்டாள். இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்து மறுபடி அரிசி டின் மேல் வைத்தாள். இப்போது சொன்னால் அவர் வண்டியைத் திருப்பிவிடுவார். வந்தபிறகு சொன்னால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. கடையில் ஒரு சேலையை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தும் சில சமயம் முழுசாக விரித்துக் காட்டுவாள். விரித்துவிட்டால் ஒரு நிமிஷமாவது நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வேகத்தடையில் பின்கதவு இரண்டு தரம் தட்டியது. வண்டி இந்தத் தடவை தெருவுக்குள் திரும்பியது.

வண்டி நிறையப் பச்சை ஓலை. நாலு மூங்கில். முன்னால் மலையாண்டியின் மனைவி சின்னத்தாய், மடியில் ஒரு தூக்குவாளியும், இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு மஞ்சப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலையாண்டி இறங்கினார். வியர்த்து, சட்டையில் தென்னந்தூசி ஒட்டியிருந்தது. கையில் அரிவாள். வாசலைப் பார்த்தார். ஏற்கெனவே ஒரு குச்சு நின்றது.

அவர் முகம் மாறுவதைச் செல்லக்கிளி படியில் நின்று பார்த்தாள்.

"யாரு கட்டுனது இத?"

பால்பாண்டி கேட்டை விட்டு முன்னால் வந்தார்.

"நான் செத்தா போனேன், மாப்ள?"

"மச்சான், அது வந்து," என்றார் பால்பாண்டி.

"கட்டுனவனுக்குக் கட்டவும் தெரியல. ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. மாமன் இருக்கும்போது கண்டவன் சாத்துன ஓலைக்குள்ள எங்க வீட்டுப் புள்ள உக்காருமா?" அரிவாளை வண்டியில் எறிந்துவிட்டு, மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தெருவில் போட்டார். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது மட்டையை எடுத்தபோது அடியில் நீலத் துணி பளபளத்தது. அவர் கை நின்றது.

ஜிப் திறந்தது. ஆர்த்திகா தலையை நீட்டினாள். ஒரு கையில் செல்போன், வாயில் ஜெயக்கொடி கொண்டுவந்த வாழைப்பழம்.

"மாமா, இது டென்ட்டு. எனக்கு ஒண்ணும் ஆகல."

மலையாண்டி கையில் மட்டையோடு நின்றார். எதிர்வீட்டு மாடியில் ஜெயக்கொடி மட்டுமில்லை, தெருவில் பாதி நின்றது.

"டென்ட்டுங்கிறது," என்று பால்பாண்டி தொடங்கினார்.

"டென்ட்டுன்னா எனக்குத் தெரியும் மாப்ள." மட்டையைக் கீழே போட்டார். செல்லக்கிளியைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு இது. "நான் வாரேன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பதினோரு மணிக்குத் தெரியும்."

"ஒரு போன் போட்டுருக்கலாம்ல?"

"போட்டா நீங்க வந்துருக்க மாட்டீகல்லண்ணே."

மலையாண்டி வண்டிப் பக்கம் திரும்பினார். கதவைத் திறந்தார். "ஏறு," என்று சின்னத்தாயிடம் சொன்னார். அவளோ அப்போதுதான் இறங்கி முடித்திருந்தாள்.

"ஏறவா? இருவது நாட்டுக்கோழி முட்டை வச்சிருக்கேன். வரும்போதே உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வந்தேன். திரும்ப அந்த ரோட்டுல போனா ஒண்ணு தேறாது. முட்டைய எறக்காம நான் ஏற மாட்டேன்." மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் செல்லக்கிளியைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கிளி, முட்டையப் பொதச்சு வைக்கணும், அரிசி டின்னு எங்க இருக்கு?"

"அந்தா அடுப்புக்குக் கீழ மதினி."

மலையாண்டி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கிற நேரத்தில் அவர் கண் டென்டின் மேலேயே போயிற்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

"இந்தக் கால் ஏறி நிக்குது மாப்ள. அதான் சாயுது. கீழ் ஓட்டையில செருகணும்."

"அப்படியா மச்சான்?"

"தூக்குங்க அந்தப் பக்கம்."

ஆர்த்திகா வெளியே வந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் டென்டைத் தூக்கினார்கள். அடியில் ப்ளெக்ஸ் தெரிந்தது. புரட்டித்தானே போட்டோம் என்று செல்லக்கிளி நினைப்பதற்குள் மலையாண்டி காலால் அதன் ஓரத்தை நெம்பினார். காற்று உள்ளே புகுந்து ப்ளெக்ஸ் அப்படியே புரண்டு, மடிப்பு பிரிந்து, வாசல் முழுக்க விரிந்தது.

இரண்டு வருஷம் பைக்கின் மேல் வெயிலில் கிடந்தது அது. மேல் வரிசையின் ஏழு பெரிய வட்டங்களிலும் முகம் என்று ஒன்று மிச்சமில்லை. ஒருவருக்கு மீசை மட்டும் இருந்தது. ஒருவருக்குக் கண்ணாடி. கீழ் வரிசை தினமும் மடிப்புக்குள் இருந்ததால் அதில் வெயில் படவில்லை. அடித்த அன்றைக்கு எப்படியோ அப்படியே இருந்தது. இடமிருந்து இரண்டாவதாக மலையாண்டி, மஞ்சள் சட்டையில், அப்போதுதான் சவரம் செய்தவர் மாதிரி.

முட்டையை வைத்துவிட்டு வந்த சின்னத்தாய் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"மேல இருக்கிற பெரிய மனுசங்க எல்லாம் வெளுத்துப் போயிட்டாக. ஒங்க அண்ணன் மட்டும் மாப்பிள்ள கணக்கா இருக்காரு."

முதலில் சிரித்தது பால்பாண்டிதான். மலையாண்டி சிரிக்கவில்லை. குனிந்து தன் படத்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் தட்டினார். பிறகு டென்டின் காலைக் கீழ் ஓட்டையில் செருகினார். அது நேராக நின்றது.

"சோறு ஆயிருச்சாண்ணே. கை கழுவுங்க," என்றாள் செல்லக்கிளி. ஆயிருச்சு என்றுதான் சொல்ல வந்தாள். பதற்றத்தில் அவரிடமே கேள்வியாகக் கேட்டுவிட்டாள்.

"என்னையக் கேட்டா? நீதான ஒல வச்ச," என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றினார்.

சாப்பிடும்போதுதான் எங்கே போய்ப் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டார். கீழக்குயில்குடியில் விடவில்லை என்று பால்பாண்டி சொன்னார். "அறுத்த வயலு சும்மாதான கெடக்கு. அங்க போடுங்க," என்றார் மலையாண்டி. "யாரு வந்து கேக்கப் போறா? நானே போய்க் கேட்டாத்தான் உண்டு."

மூன்று மணிக்கு எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். ஓலைக்கு மேல் உட்கார்ந்து பால்பாண்டியும் ஆர்த்திகாவும் வந்தார்கள். மடித்த டென்டைச் செல்லக்கிளி மடியில் வைத்திருந்தாள்.

வயல் அறுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. நெல்தாள் காலைக் குத்தியது. வாய்க்கால் ஓரம் மேடான இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்து மலையாண்டி காட்டினார். குச்சுக்கு வெட்டிய ஓலையைக் கீழே பரப்பி, அதன் மேல் ப்ளெக்ஸ், அதன் மேல் டென்ட். ஓலையின் மேல் படுத்தால் மெத்தை மாதிரி இருந்தது. வீடியோவில் இது இல்லை என்றாள் ஆர்த்திகா. முளைக்குச்சிகளை மலையாண்டி அரிவாளின் பின்பக்கத்தால் அடித்தார். நாலு அடியில் இறங்கின. கம்பியைச் செல்லக்கிளி தள்ளினாள். பால்பாண்டி சும்மா நின்றார். ஒரே தடவையில் வந்தது.

சின்னத்தாய் தூக்குவாளியைத் திறந்தாள். உளுத்தங்களி, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க. "புள்ளைக்குன்னு கிண்டுனது. அதுக்கு இன்னும் நாளிருக்கு. கெடக்கட்டும்னு கொட்டவா முடியும்?" ஆளுக்கொரு உருண்டை வைத்தாள். பால்பாண்டி இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டினார்.

"மாப்ள, இது இடுப்பு எலும்புக்குப் பலம். பொம்பளப் புள்ளைக திங்கிறது."

"தண்ணி தெறந்துவிட்டுப் பாருங்க மச்சான், யாருக்கு இடுப்பு போகுதுன்னு."

"அப்படின்னா ஒங்களுக்கும் ஒரு குச்சு கட்டிருவோம்."

"மாமா," என்றாள் ஆர்த்திகா. "நெசமாவே ஆனாலும் நான் குச்சுல உக்கார மாட்டேன்."

"நீ உக்காராட்டிப் போ. நான் கட்டத்தான் செய்வேன். உள்ள ஒங்கப்பன உக்கார வச்சுக்கிறேன்."

பொழுது இறங்கியதும் செல்லக்கிளி டென்டுக்குள் போய்ப் படுத்தாள். மேல்துணியை எடுத்துவிட்டதால் கூரை வலைக்கு அப்பால் வானம் தெரிந்தது. சுருட்டிய பாயைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, பாதம் இரண்டையும் வெளியே நீட்டினாள். காற்று பாதத்தில் பட்டது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் இருந்தது. காலில் ரத்தம் மெதுவாகத் திரும்பி மேலே ஏறுவதை அவளால் உணர முடிந்தது. யாரும் அவளை எந்தச் சேலையும் எடுத்துப் போடச் சொல்லவில்லை.

துணிக்கு அந்தப் பக்கம் வரப்பில் அண்ணன் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

"அண்ணே."

"ம்."

"ப்ளெக்ஸுக்காரன் அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குத்தான் அனுப்புனான். நான்தான் பாத்துட்டுச் சரின்னு சொன்னேன். இவரு மேல தப்பு இல்ல. கடையில கூட்டம். போனச் சின்னதாப் பாத்தேன். அந்தப் பெரிய ஆளுக நல்லா விழுந்துருக்காகளான்னுதான் பாத்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"ப்ளெக்ஸுக்காரன் அன்னைக்கு வாசல்லயே எங்கிட்டச் சொல்லிட்டான்."

மாப்பிள்ளை செய்திருந்தால் அவர் அன்றைக்கே சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரிஞ்சுமாண்ணே இன்னைக்கு வந்தீக?"

"ஓலை வெட்டணும்ல," என்றார் மலையாண்டி. எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வெளியே நீண்டிருந்த அவள் கால்களைச் சுற்றிக்கொண்டு நடந்து, வண்டியில் படுக்கப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு மலையாண்டி கத்தரிக்காய் ஏற்றப் போய்விட்டார். ஆறு மணிக்கு மற்றவர்கள் எழுந்தார்கள். டென்டின் மேல் பனி இறங்கி நனைந்திருந்தது. பால்பாண்டிக்கு முதுகு பிடித்திருந்தது. ஆர்த்திகாவைக் கொசு கடித்திருந்தது. டென்டை அந்தச் சின்னப் பைக்குள் திருப்பி வைப்பதுதான் கஷ்டம், பல பேர் பையை வீசிவிடுவார்கள் என்று வீடியோவில் இருந்தது. செல்லக்கிளி துணியை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூன்றாக மடித்து, காற்றை அழுத்தி எடுத்துச் சுருட்டினாள். நாலு நிமிஷத்தில் பைக்குள் போயிற்று. ஏழு மணி பஸ்ஸில் பரவைக்கு வந்தார்கள். பால்பாண்டி ப்ளெக்ஸைப் பழையபடி மடித்துப் பைக்கைப் போர்த்தினார். தெருவில் கிடந்த தென்னை மட்டைகளை ஜெயக்கொடி விளக்குமாறுக்கு எடுத்துப் போயிருந்தாள். எட்டு மணிக்கு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய குட்டியானை வாசலில் நின்றது. மலையாண்டி இறங்கவில்லை. ஆர்த்திகா போய்க் கத்தரிக்காய்ப் பையை வாங்கி வந்தாள். செல்லக்கிளி குளித்துவிட்டு ஒன்பதரைக்குக் கடைக்குப் போனாள். கூட்டம் அதிகம். மத்தியானம் சாப்பிட இருபது நிமிஷம் கிடைத்தது. இரவு ஒன்பது மணிவரை நின்றாள்.